மெழுகுக் கட்டியில் வந்த மூளை

என் மகள் டாக்டருக்குப் படித்தாள். அதற்கு மேலும் படித்தாள். அது போதாதென்று இப்போது வெளிமாநிலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மூளையை மட்டும் பார்க்கிற படிப்புக்குப் போயிருக்கிறாள். நோயாளியைப் பார்ப்பதில்லை, மூளையைத்தான் பார்க்கிறாள். தலையில் கட்டி என்று ஆபரேஷன் செய்தால், அதில் ஒரு துணுக்கை எடுத்து இவர்களிடம் அனுப்புவார்கள். இவர்கள் அதை மெழுகில் பதித்து, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, இது இன்ன கட்டி என்று பெயர் சொல்ல வேண்டும். பெயர் தெரிந்த பிறகுதான் மருந்து.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எனக்கே இது விளங்கிவிட்டது. எங்கள் சொந்தத்தில் வாத்தியார்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களுக்குத்தான் இன்னும் விளங்கவில்லை.

"பாப்பா ஊசி போடுமா?"

போடாது.

"மாத்திரையாச்சும் எழுதிக் குடுக்குமா?"

அதுவும் கிடையாது.

"அப்பறம் என்ன டாக்டரு?"

எங்கள் திண்டுக்கல்லில் டாக்டர் என்றால் வாசலில் செருப்பு குவிந்து கிடக்க வேண்டும். செருப்பைப் பார்த்துத்தான் மரியாதை.

இதில் எல்லோருக்கும் மூத்த வாய், பக்கத்து ஊரான எரியோட்டில் வாழ்க்கைப்பட்ட என் நாத்தனாருடையது. ஒரு கிறிஸ்துமசுக்கு அவளும் அவள் வீட்டுக்காரரும் வந்திருந்தார்கள். அவர் எனக்கு அண்ணன் முறை. ஆட்டு மூளை வறுத்து வைத்திருந்தேன். அண்ணன் தட்டைப் பார்த்துவிட்டு, "ஏத்தா, இது கடையில வாங்குனதா, பாப்பா கொண்டாந்ததா?" என்றார். வீடே சிரித்தது. நாத்தனார் சிரிக்கவில்லை. என் மகள் நீட்டிய காப்பியை மட்டும் ஓரமாக நகர்த்தி வைத்தாள். "செத்தவுக மூளைய அறுக்குற கையி" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். எனக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னாள், கேட்டது.

அடுத்த கோடையில் அந்த அண்ணனுக்கே வலிப்பு வந்தது. மதுரைக்குக் கொண்டுபோய், தலையைத் திறந்து, கட்டியை எடுத்தார்கள். அங்கே சோதித்தவர்கள், பொல்லாத வகையாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். பொல்லாதது என்றால் உடனே கரண்ட் வைக்க வேண்டும், அதாவது கதிர்வீச்சு. அதற்குப் பிறகும் ஆள் எத்தனை நாளைக்கு என்று யாராலும் சொல்ல முடியாது. ஆபரேஷன் செய்த டாக்டர், "சதை பதித்த மெழுகுக் கட்டியைத் தருகிறோம், மூளையை மட்டுமே பார்க்கிற இடத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்" என்று ஓர் ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னார். என் மகள் படிக்கிற இடம்.

மறுநாளே ஓடி வந்திருக்க வேண்டும். நாத்தனார் ஒன்பது நாள் நவநாள் செபத்தை முடித்துவிட்டுத்தான் வந்தாள். நல்ல வேளை, மகள் லீவு முடிந்து கிளம்பப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். கொண்டுவந்த எவர்சில்வர் டப்பாவைத் திறந்தால், உள்ளே தீப்பெட்டியைவிடச் சிறிதாக இரண்டு மெழுகுக் கட்டிகள். ஒன்றின் மூலை இளகிச் சரிந்திருந்தது. மேலே வேறு மெழுகு சொட்டிக் காய்ந்திருந்தது.

"என்ன அத்தே இது?"

"மாதா சுரூபத்துக்கு முன்னால வச்சுச் செபம் பண்ணுனேன் தாயி. மெழுகுதானேன்னு மெழுகுவத்திகளோட சேத்து வச்சேன்."

"திரி ஒண்ணுதான் இல்ல," என்றேன் நான். "இருந்திருந்தா அண்ணனையும் ஏத்தி வச்சிருப்பே."

வேறு நாளாக இருந்தால் அவள் என்னை அந்த இடத்திலேயே உரித்துத் தொங்கவிட்டிருப்பாள். அன்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"கேலி பண்ணாதீக மதினி. அவுக உசுரே அதுக்குள்ளதான் கெடக்கு. கெட்டுப் போச்சா தாயி?"

மகள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். மெழுகுக்குள் சோற்றுப் பருக்கை போலச் சாம்பல் நிறத்தில் என்னமோ இருந்தது. இதற்குள்ளா எரியோட்டில் அம்புட்டுப் பேச்சுப் பேசுகிறவர் இருக்கிறார் என்று தோன்றியது.

"ஒண்ணும் ஆகல அத்தே. மெழுகுதான் எளகியிருக்கு, சதை அப்படியே இருக்கு. மறுபடி மெழுகு ஊத்தி எடுத்துக்கலாம். அழாதீங்க."

பயணத்துக்கு நான் கட்டிக்கொடுத்த புளியோதரைக்குப் பக்கத்தில் வைக்க மாட்டேன் என்று சொல்லி, டப்பாவைத் துணியில் சுற்றித் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

பிறகு நாத்தனார் எனக்குப் போன் போடாத பொழுது இல்லை. "பாப்பா எதுவும் சொல்லுச்சா மதினி?" சாமக்கோழிக்கு முன்னால் அவள் கூவினாள். கடைசியில் மகள் பேசினாள்.

அங்கே ஒரே மைக்ராஸ்கோப்பில் பல பேர் சுற்றி உட்கார்ந்து பார்க்கலாமாம். படிக்க வந்தவர்கள்தான் முதலில் வாயைத் திறக்க வேண்டுமாம்.

"நான் பொல்லாததுன்னுதாம்மா சொன்னேன். எங்க பெரிய டாக்டரம்மா, 'அவசரப்படாதே, இந்த ஓரத்தப் பாரு'ன்னாங்க. பாத்தா, நான் நெனச்சது இல்ல. மேல ஒரு டெஸ்ட் பண்ணி உறுதி பண்ணிட்டோம். மெதுவா வளர்ற கட்டிதான். கரண்ட் இப்ப வேணாம். மாமா அப்பப்ப ஸ்கேன் எடுத்துப் பாத்துக்கிட்டாப் போதும்."

எனக்கு உயிர் வந்தது. கூடவே நாத்தனார் வாயும் நினைவுக்கு வந்தது.

"நீ மொதல்ல தப்பாச் சொன்னத உங்க அத்தைகிட்ட ஒளறி வைக்காதே."

"தப்பாச் சொல்லித் திருத்திக்கத்தானேம்மா இங்க வந்திருக்கேன்."

அதுவும் சரிதான். எங்கள் ஊரில் சில பேர் அதை நேராக நோயாளியிடமே செய்து பழகுகிறார்கள்.

நாத்தனார் நன்றிப் பூசை வைத்தாள். எரியோட்டில் பந்தல் போட்டுப் பிரியாணி. மதுரை டாக்டருக்குப் பொன்னாடையும் ஒரு தார் சிறுமலைப் பழமும். மாதாவுக்கு நன்றி, சாமியாருக்கு நன்றி, ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டிய டிரைவருக்கும் கைதட்டல். என் மகளைப் பற்றி யாரோ கேட்டதற்கு நாத்தனார் சொன்னாள்: "ஆமா, பாப்பாவும் ஒதவி பண்ணுச்சு. லீவு முடிஞ்சு போறப்ப அந்த டப்பாவக் கொண்டுபோய்ச் சேத்துருச்சு."

கொரியர்காரனுக்குக்கூட ஒரு பெயர் உண்டு. எழுந்து வந்துவிடலாமா என்று பார்த்தேன். இலையில் கறி வைத்துவிட்டார்கள்.

அப்போது அண்ணன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தலையில் முடி இன்னும் சரியாக முளைக்கவில்லை. தையல் போட்ட தடம் காதுவரை ஓடியது. குரலைத் தணித்துக் கேட்டார்:

"ஏத்தா, பாப்பா எப்ப வரும்? நேர்ல பாத்து ஒண்ணு கேக்கணும். என் மூளை எப்படி இருந்துச்சாம்?"

"இருந்துச்சாம்ணே," என்றேன். "எங்களுக்கு அதுவே ஆச்சரியமாப் போச்சு."

தையல் தடம் நெளிய நெளிய அவர் சிரித்தார். பந்தலின் அந்தக் கோடியிலிருந்து நாத்தனார், "என்னத்துக்கு இப்ப இம்புட்டுச் சிரிப்பு? தையல் பிரியப் போகுது!" என்று கத்தினாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பிரிஞ்சா என்ன, பாப்பாவுக்கு இன்னொரு துண்டு அனுப்பி வையி" என்றார்.