அண்ணன் நெஞ்சைக் கணித்த கதை

ஜெர்மனியில் யாரிடமும் நலம் விசாரித்துவிடாதீர்கள், பதில் சொல்லிவிடுவார்கள். வந்த புதிதில், நான் வேலை செய்யும் மருத்துவமனையின் இதயப் பிரிவில் காத்திருந்த ஒரு பெரியவரிடம் மரியாதைக்கு "வீ கேட்ஸ்?" என்றேன். மூச்சிரைப்பு, மலச்சிக்கல், போட மறந்த மாத்திரைகள், பேசாத மகள் என்று கால் மணி நேரம் ஒப்பித்தார். எனக்குத்தான் கூச்சமாகப் போயிற்று.

அந்தப் பதில்கள்தான் எனக்குச் சோறு போடுகின்றன. இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவர்களில் யாருக்கு மறுபடி அடைக்கும், யார் தப்பிப்பார்கள் என்று கணினியை முன்கூட்டியே சொல்லவைப்பது என் உத்தியோகம். எங்கள் ஊர் செய்யூரில் விசாரித்தால் நான் டாக்டர் என்பார்கள். நானும் மறுத்ததில்லை.

சென்ற ஆண்டு, மறைமலைநகருக்கு வேலைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் அண்ணனுக்கு நெஞ்சு வலித்து, ஸ்டென்ட் வைத்தார்கள். நான் சும்மா இருப்பேனா? ஃபோனில் கேள்விகளை அடுக்கினேன்.

"மாத்திரை தவறாம போட்றியாண்ணா?"

"போட்டுக்கினுதான் கீறேன். நீ சாப்ட்டியா?"

வயது, சர்க்கரை, மாத்திரை எல்லாம் தட்டினேன். 'ஆபத்து குறைவு' என்றது கணினி. அதைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டேன். மாமா கைகூப்பும் படம் அனுப்பினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து அண்ணி அழைத்தார். "தம்பி, ரத்தம் உறையாம இருக்கற அந்த மாத்திரைய, நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே உங்க அண்ணன் நிறுத்திட்டாரு. பல்லு வெளக்கசொல்ல ரத்தம் வருதாம். கேட்டா, நீங்க போட்ட படத்த காட்டி 'தம்பியே ஒண்ணுமில்லன்னுட்டான்'றாரு. இப்ப நெஞ்ச புட்சிகினு உக்காந்துகினு கீறாரு."

வெளிநாட்டில் இருப்பவனிடம் நம் வீட்டில் யார் உள்ளதைச் சொல்வார்கள்? பத்து நாள் காய்ச்சலில் கிடந்தபோது நானும் 'சூப்பரா கீறேன்' என்றவன்தானே. அந்த மரியாதைப் பொய்யைத் தகவல் என்று கணினிக்கு ஊட்டிய மேதை நான்.

ஃபோனை அண்ணனிடம் கொடுக்கச் சொன்னேன். திட்டத்தான் நினைத்தேன். "எனக்குப் பயமா கீதுண்ணா" என்றுதான் வந்தது.

"எனக்குந்தான்டா" என்றார்.

அப்போதே ஆட்டோ பிடித்துச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பிழைத்தார். இனி ஒன்றும் ஆகாது என்று நான் சொல்லப்போவதில்லை, சொன்னவரை போதும். தினமும் அங்கே இரவு எட்டு மணி, இங்கே மாலை நாலரைக்கு அண்ணன் வீடியோவில் வருகிறார். என் மேசையில் ஒரு திரையில் ஜெர்மானியர்களின் பட்டியல், கைபேசியில் அவர். மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீரை அண்ணாந்து குடிக்கிறார். இங்கே என் தொண்டை விழுங்குகிறது.