ஒரு சாக்கு மாவிலையோடு ஒரு பிரதேச சபைக்கு

போன மாதம் ஒரு புதன்கிழமை, ஒரு சாக்கு மாஞ்சருகோடு கொழும்புத்துறையில் பஸ் ஏறினேன். காரணம் பக்கத்து வளவு யோகா. முற்றம் கூட்டிச் சருகைக் கொளுத்துவது எங்களுக்குப் பல் துலக்குவது போல. என் கணவர் வைத்த கறுத்தக்கொழும்பான் மாமரமோ நாள் முழுதும் சருகு கொட்டும். யோகாவின் பேரனுக்கு முட்டு வருத்தம்; புகை பட்டால் மூச்சு விடவே சிரமப்படுவான். அவள் வேலியடியில் நின்று சொன்னாள்:

"அக்கா, ஒண்டில் நெருப்பை நிப்பாட்டுங்கோ, இல்லாட்டி மரத்தைத் தறியுங்கோ."

கேட்டது நியாயம். அதுதான் எனக்குக் கோபம்.

இணுவிலுக்கு அப்பால் ஒரு பிரதேச சபை காபன் வெளியேற்றத்தைக் குறைக்க வீட்டுச் சருகையும் வந்து எடுக்கிறது என்றார்கள். கண்ணால் காணாமல் நான் எதையும் நம்புவதில்லை. யாழ்ப்பாணத்தில் மாறி, ஏழரை மணிக்குக் காங்கேசன்துறை பஸ். நடத்துநர் சாக்குக்குள் எட்டிப் பார்த்தார்.

"கலியாண வீட்டுக்கோ அம்மா? மாவிலை காய்ஞ்செல்லோ போச்சு."

சாக்கின் வாயை இறுக்கிக் கட்டினேன். அரை மணி நேர ஓட்டம். இறங்கிப் பத்து நிமிட நடை.

சபைக் கூரை முழுவதும் சோலர் தகடுகள். அந்த மின்சாரத்தில்தான் சருகு ஏற்றும் ஓட்டோ சத்தமில்லாமல் ஓடுகிறது. புதன்கிழமைகளில் உறுப்பினர்கள் சைக்கிளில்தான் வரவேண்டுமாம். தவிசாளரின் சைக்கிளும் நின்றது. சங்கிலிக்கு எண்ணெய் போதாது. அறிவித்தல் பலகை சாய்ந்திருந்தது. சொன்னேன், உடனே நிமிர்த்தினார்கள். அலுவலகங்களில் இதை நான் அதிகம் கண்டதில்லை.

பின்புறம் கூட்டெரு நிலையம். பொறுப்பான தர்சினி சிரித்த முகம், கறாரான வாய். சருகை எரித்தால் புகையோடு காபனும் மேலே போகும், மக்கவைத்தால் பெரும்பங்கு மண்ணுக்குத் திரும்பும் என்று விளக்கினாள். இங்கே மக்கியது மரக்கறித் தோட்டங்களுக்குப் போகிறது. தொடங்கிய வாரத்தில் பல வீட்டுச் சாக்குகளில் சாம்பல்தான் இருந்ததாம். எடுக்க வருபவர்களுக்குச் சருகு பாரமென்று இரக்கப்பட்டு, எரித்துக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு சாக்கில் தணல் கிடந்து குவியலே புகைந்திருக்கிறது. பிறகு சபையார் வீடு வீடாக, படலை படலையாகப் போய் விளங்கப்படுத்தினார்கள்.

என் சாக்கை நீட்டினேன்.

"உங்கடை இடம் எங்கடை எல்லைக்கு வெளியிலை அம்மா. இந்த ஒருக்கா வேணுமெண்டால் கொட்டுங்கோ."

சலுகை எனக்குப் பிடிக்காது. அதோடு, நாளைய சருகை எங்கே கொட்டுவது? மரம் போய்விடும் என்றேன். அவள் சாக்குக்குள் கைவிட்டுச் சருகை அள்ளிப் பார்த்தாள். பிறகு, மரத்தடியிலேயே கம்பிவலையை வளையமாகக் கட்டிச் சருகைப் போட்டு, இடைக்கிடை ஈரமாக்கிப் புரட்டச் சொன்னாள். "ஆனால் சாம்பல் மட்டும் போட்டிடாதேங்கோ."

திரும்பும் பஸ்ஸில் அதே நடத்துநர், அதே சாக்கு.

"என்னம்மா, கலியாணம் குழம்பிட்டுதோ?"

"இல்லைத் தம்பி. வீட்டிலையே வைக்கப்போறம்."

போக விரும்புபவர்கள் கிழமை நாளில் காலையிலேயே போங்கள். வெயில் ஏறினால் குவியலடியில் நிற்க முடியாது. மூடிய சப்பாத்து அவசியம். முதலில் அலுவலகத்தில் கேட்டுவிட்டு உள்ளே போவதுதான் மரியாதை. எங்கள் பக்கத்திலும் இப்படி ஓட்டோ வரவேண்டும். அதுவரை வளையம் போதும்.

மரம் நிற்கிறது. யோகா இப்போது வேலிக்கு மேலால் தன் பலாச்சருகையும் என் வளையத்துக்குள் கொட்டிவிட்டுப் போகிறாள், கேளாமலே.