ஆயுத பூஜைக்குக் கழுவிய கலங்கரை விளக்கம்

ஐம்பதுகளில், பி.ஏ. முடித்த கையோடு, பேகம்பூரில் ஒரு லாரி ஷெட்டில் மேனேஜராக இருந்தேன். முதலாளியை எல்லோரும் பாய் என்போம். அங்கே நான் செய்த ஒரு காரியத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கிழக்குக் கரையில் ஒரு துறைமுகம் மணலேறிப் போய், கப்பல் வருவது நின்றுவிட்டது. அங்கிருந்த இரும்புக் கலங்கரை விளக்கத்தைக் கழற்றி மேற்குக் கரைக்குக் கொண்டுபோனார்கள். வழியில் லாரி பழுதாகி, துண்டுகளெல்லாம் எங்கள் ஷெட்டில் இறங்கின. எது எதோடு சேரும் என்று கூட வந்த ஃபிட்டர் ஒவ்வொன்றிலும் சுண்ணாம்பால் எண் எழுதியிருந்தார். புது இடத்தில் விளக்கைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் குடியிருக்க வீடும் அவருக்கென்று பேச்சு. "பாத்துக்கங்க தம்பி" என்று என்னிடம் சொல்லிவிட்டு, வத்தலக்குண்டில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்கப் போனார்.

மறுநாள் ஆயுத பூஜை. பொரிகடலையைப் பாயே வாங்கித் தந்துவிடுவார். மற்றதெல்லாம் என் பொறுப்பு. லாரிகளைக் கழுவி முடித்த டிரைவர்கள், "இந்த இரும்பையும் கழுவணுமா சார்?" என்றார்கள்.

"ஷெட்டுல இருக்கிற இரும்பு அம்புட்டுக்கும் பூஜைதான்" என்றேன்.

தேய்த்துக் கழுவி, விபூதிப் பட்டை போட்டு, பொட்டு வைத்தார்கள். கலங்கரை விளக்கம் கல்யாண வீட்டுக்குக் கிளம்பியதுபோல இருந்தது.

ஃபிட்டர் திரும்பி வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "நம்பரெல்லாம் எங்க தம்பி?"

"மழை பெஞ்சிருச்சுண்ணே."

"பொட்டும் மழைல வந்துச்சா?"

"மழை விட்டப்பறம் வச்சோம்."

டிரைவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். அவர்கள் பிழைப்பு என் கையில் இருந்தது; வாளிகளைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள்.

ஷெட்டு முற்றத்திலேயே நிறுத்திப் பார்த்துத்தான் மறுபடி எண் போட வேண்டும் என்றானது. சங்கிலிக் கப்பியில் தூக்கி, ஓட்டைக்கு ஓட்டை பொருத்தி, கோபுரம் எழுந்தது. சின்னாளப்பட்டியிலிருந்தெல்லாம் ஜனம் வேடிக்கை பார்க்க வந்தது.

"ஏலே, கடலு எப்ப வருது?" என்றார் பூக்கூடையோடு வந்த ஒருவர்.

"லோடு ஏத்திட்டாக அப்பு, வந்துக்கிட்டே இருக்கு" என்றான் ஒரு டிரைவர்.

உச்சியில் பெட்ரோமாக்ஸ் கட்டச் சொன்ன பாய், "பாத்துடா, கப்பல் ஏதாச்சும் பேகம்பூருக்கு வந்துறப் போகுது" என்றார்.

அந்தக் கும்மாளத்தின் நடுவே கலங்கரை விளக்க இலாகா அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். "மழைன்னா தார்ப்பாய் போட வேண்டியதுதானே? சரக்கை விட்டுட்டு எங்க போனீர்?"

"மக வீட்டுக்குப் போயிட்டேங்க" என்றார் ஃபிட்டர்.

"இதையே பாத்துக்கத் தெரியாதவர்கிட்ட விளக்கை எப்படிக் குடுக்கிறது? அங்க போய் நிறுத்திக் குடுத்துட்டுக் கிளம்பும். வேற ஆள் போட்டுக்கிறோம்."

மழையே பெய்யவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேலை போய்விடும் என்ற பயத்தில் சொல்லவில்லை.

பெயிண்டில் எண் எழுதி, கழற்றி ஏற்றினோம். ஃபிட்டர் லாரியில் ஏறும்போது, "பொட்டு அழகாத்தான் இருந்துச்சு தம்பி" என்று சிரித்தார்.

அறுபதுகளில் மனைவியோடு அந்த மேற்குக் கரைக்குப் போனேன். வெள்ளையடித்து, ஜோராக நின்றது கோபுரம். பக்கத்தில், ஃபிட்டருக்கென்று பேசியிருந்த வீட்டிலிருந்து, விளக்கைப் பார்த்துக்கொள்ளும் இளைஞர் ஒருவர் வந்து, மேலே ஏறலாம் என்று கை காட்டினார். மனைவி புடவையைச் செருகிக்கொண்டு தயாரானாள். நீ போய்விட்டு வா என்று சொல்லி, நான் கீழேயே நின்றுகொண்டேன்.