ஈட்டி மரக் கரை

புடவைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஆற்றில் இறங்கத் தயங்குபவரைப் போல அந்த அம்மா கூடத்து வாசலில் நின்றதுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. எதிரே தண்ணீர் இல்லை. நாங்கள் அன்றுதான் போட்டு முடித்திருந்த மரத்தரை இருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில், மைசூரில் மரத்தரையும் வினைல் விரிப்பும் விற்கும் கடையொன்றில் வேலை பார்த்தேன். நான் தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர்ப் பக்கத்துக்காரி என்பதால் தமிழ் பேசும் வாடிக்கையாளர்களை முதலாளி என்னிடம் விட்டுவிடுவார். என்ஜினீயர் சாரும் அவர் மனைவியும் அப்படித்தான் பழக்கமானார்கள். ஓய்வு பெற்ற சார், லட்சுமிபுரத்தில் தூண்களும் ஆளுயர ஜன்னல்களும் கொண்ட பழைய வீடொன்றை வாங்கிப் புதுப்பித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் இல்லை. ஆயுசு முழுக்க குவார்ட்டர்ஸ் சிமென்ட் தரையில் நடந்தாயிற்று, இனிமேல்தான் என் வீடு என்று அம்மா சொல்வார்.

மர அச்சுப் போட்ட வினைலைத்தான் முதலில் காட்டினேன். துடைக்கச் சுலபம் என்று சாருக்குப் பிடித்தது. அம்மா விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "மரம் வேற, மரத்தோட போட்டோ வேறங்க. இந்த மாதிரி வீட்ல போய் போட்டோவையா விரிப்பாங்க?" கடையின் மாதிரிப்பட ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டே போனவர் ஒரு பக்கத்தில் நின்றார். பாய் முடைந்தது போலக் கோத்த தேக்குத் துண்டுகள். சுற்றிலும் ஒரு முழ அகலத்துக்குக் கறுத்த ஈட்டி மரம். "கரை வச்ச புடவையாட்டம் இருக்கு. இதான்," என்று விரலை வைத்தார்.

மரம் வந்து சேர ஏழெட்டு மாதமாயிற்று. அதற்குள் அம்மா மாறிக்கொண்டிருந்தார். கேட்டதையே கேட்டார், என்னைத் தன் தங்கை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். சார் ஆரம்பத்தில் அதற்கெல்லாம் சிரித்தார். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

தரை முடிந்த அன்று அம்மா உள்ளே வரவில்லை. "பள்ளமா இருக்குங்க. பேடா, பேடா." கலக்கம் வந்தால் 'வேண்டாம்' என்பதுகூட அவருக்குக் கன்னடத்தில்தான் வரும். சார் அந்தக் கறுப்புக் கரையின் மேல் ஏறி நின்றார். "பாரு, நிக்கிறேன் பாரு. மரம்தான். நீ எடுத்த மரம்." அம்மா அலறிக்கொண்டு அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். அவர் விழுந்துவிடுவார் என்று பயம்.

மறதி நோய் வந்தவர்களின் கண்ணுக்குத் தரையில் இருக்கும் கறுப்புப் பட்டை குழியாகத் தெரியலாம் என்று இன்று டாக்டர்கள் சொல்கிறார்கள். அன்று எங்களுக்குத் தெரியாது. சார்தான் ஒருநாள் கரைமேல் பழைய போர்வையை விரித்துப் பார்த்திருக்கிறார். அம்மா அதை மிதித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டாராம்.

மறுநாள் சார் கடைக்குத் தனியாக வந்தார். "டிசைன் எதுவும் இல்லாம, ஒரே நிறத்துல வினைல் இருக்காம்மா?"

"தேக்கு மேலயா சார்?"

"அவ நடக்கணும்மா. தேக்கு எங்கயும் போயிடாது."

சுவருக்குச் சுவர் வெளிர் பழுப்பு வினைலை ஒட்டினோம். தேக்கின் மேல் பசை தடவும்போது ஆட்கள் தயங்கினார்கள். சார் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "தடவுங்கப்பா" என்றார். அம்மா ஜன்னல்வரை நிம்மதியாக நடந்துபோனார். அங்கே நின்று கீழே பார்த்தார். "யார் வீடுங்க இது? இவ்வளவு அழகான வீட்ல தரை மட்டும் இப்படி. நம்ம வீட்டுக்கு மரம்தான் போடணும்."

சார் அவர் பக்கத்தில் போய் நின்றார். "போடலாம். நீயே வந்து எடு."

சொன்னபடியே அடுத்த வாரம் அழைத்து வந்தார். நான் ஆல்பத்தை விரித்தேன். அதே பக்கத்தில் அம்மா விரலை வைத்தார். "எழுதிக்கோம்மா," என்றார் சார். எழுதுவதுபோல ஒரு தாளில் கிறுக்கினேன். அதன்பின் மாதத்துக்கொரு முறை வந்தார்கள். ஒவ்வொரு முறையும் அந்தத் தேக்கும் ஈட்டியும்தான். விரல் வந்து நிற்கும்போதெல்லாம் சார் முகத்தில் ஒரு ஆறுதல் தெரியும்.

கடைசியாக வந்த அன்று அம்மா அந்தப் பக்கத்தையும் புரட்டிக்கொண்டு போய்விட்டார். நான் சாரைப் பார்த்தேன். ஆல்பத்தைக் கடைசிவரை புரட்டி மூடிய அம்மா, "போலாமா?" என்றார். சார் எழுந்து, அவருக்குக் கையைக் கொடுத்தார்.