தோள் பட்ட இடம்

மலேசியாவின் கிள்ளானில் ஒரு தச்சர்; எந்தப் பலகையையும் முதலில் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்ப்பார். நெற்றி நிறையத் திருநீறு. புனித வெள்ளி ஊர்வலச் சிலுவைக்குக் கனமான செங்கால் மரம் கேட்டேன்.

“நட்டு வைக்கவா, தூக்கிட்டுப் போகவா அங்கிள்?”

“தூக்கத்தான். எங்க சர்ச்சுல எல்லாம் வயசானவங்க.”

“அப்ப டாமார் மின்யாக் போதும் லா. காட்டு மரம்தான், ஆனா லேசு. முடிச்சு இருக்காது, நல்லா இழைக்கலாம். மழையில மட்டும் நனைய விட்டுடாதீங்க.”

செய்து முடித்ததும் சிலுவையைத் தம் தோளில் வைத்துக் கடையைச் சுற்றி நடந்தார். முகம் சுளித்தார். இறக்கி, தோள் பட்ட இடத்தை மட்டும் இழைத்துவிட்டு மறுபடி நடந்தார்.

ஊர்வலத்தில் என் முறை வந்தபோது, தோளில் எந்த விளிம்பும் குத்தவில்லை. பாதி வழியில் தூறல் விழுந்தது. நனைந்துகொண்டே எங்கள் குடைகளையெல்லாம் சிலுவைக்குப் பிடித்தோம். தச்சர் சொல்லியிருக்கிறாரே!