ஆபரேஷன் தியேட்டர் பார்க்க வந்தவளும் பழுதான வீல்சேர்களும்

காணாமல் போனவள்

கோடை விடுமுறையில் எங்கள் மருத்துவமனைக்குப் பணி அனுபவம் பெற வந்த பள்ளி மாணவர்களில் ஒருத்தி, மூன்றாவது நாள் காலையில் காணாமல் போனாள்.

நான் அப்போது அடையாறில் ஒரு தனியார் மருத்துவமனையின் பயிற்சிப் பிரிவில் இருந்தேன். நர்சிங் மாணவிகள், ஃபார்மசி மாணவர்கள், பிசியோதெரபி இன்டர்ன்கள் என்று வருஷம் முழுக்க யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். அவர்களால் எனக்குப் பெரிய தொல்லை கிடையாது. மே மாதம் வரும் பள்ளிப் பிள்ளைகள் வேறு ரகம். ப்ளஸ் ஒன் முடித்த கையோடு, மருத்துவமனை எப்படி நடக்கிறது என்று இரண்டு வாரம் பார்த்துவிட்டுப் போவார்கள். பாதிப் பேர் தாங்களாக வருவார்கள். மீதிப் பேரை வீட்டில் அனுப்பிவைப்பார்கள்.

ஸ்ரீநிதி அனுப்பிவைக்கப்பட்டவள். மயிலாப்பூர்ப் பெண். அப்பா ரங்கநாதன் ஆடிட்டர். எங்கள் மருத்துவமனையின் கணக்குகளையும் அவர் அலுவலகம்தான் தணிக்கை செய்தது. முதல் நாள் மகளை அவரே கூட்டிக்கொண்டு வந்தார்.

“ஆத்துல எல்லாரும் ஆடிட்டர்தான் மேடம். இவளாவது டாக்டராகட்டும். ஒரு ஆபரேஷன் தியேட்டரப் பாத்துட்டான்னா தானா ஆசை வந்துடும்.”

“தியேட்டருக்குள்ள ஸ்கூல் பசங்கள விட மாட்டோம் சார். வீடியோல காட்டுவோம். சர்ஜன் ஒருத்தர் வந்து தையல் போடச் சொல்லிக் குடுப்பார்.”

“ஏதோ ஒண்ணு. நீங்க பாத்துக்கோங்கோ.”

அவர் போன பிறகுதான் ஸ்ரீநிதி பேசினாள். “மேடம், உங்க ஃபேன்ல இந்தச் சத்தம் எப்பவுமே வருமா?”

மூன்றாவது நாள் அந்தத் தையல் வகுப்பு. ஸ்பாஞ்சு அட்டையில் ஊசி நூலோடு பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருக்க, ஸ்ரீநிதி மட்டும் இல்லை. வாசல் செக்யூரிட்டி அவள் வெளியே போகவில்லை என்றார். போன் போட்டேன். என் மேசை டிராயரிலேயே மணி அடித்தது. பிள்ளைகள் செல்போனை என்னிடம் ஒப்படைக்க வேண்டும் என்று விதி போட்டவளே நான்தான்.

ஆடிட்டரிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது இன்டர்காம் அடித்தது. மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்க்கும் பயோமெடிக்கல் பிரிவின் பொறுப்பாளர் டில்லிபாபு.

“மேடம், உங்க பொண்ணு ஒண்ணு இங்க கீது. வந்து இட்டுக்கினு போயிடுங்க. என்னை வேலை செய்ய உட மாட்டேங்குது.”

கீழ்த்தளம்

பயோமெடிக்கல் பிரிவு பேஸ்மென்ட்டில் இருந்தது. அதன் பின்பக்கத்தில், மடக்கிப் போட்ட வீல்சேர்களுக்கு நடுவில் ஸ்ரீநிதி தரையில் உட்கார்ந்திருந்தாள்.

நடந்தது இதுதான். காலையில் அவள் உள்ளே வரும்போது போர்ட்டிகோவில் ஒரு ஆட்டோ நின்றிருந்தது. காலில் கட்டுப் போட்ட ஒரு அம்மா இறங்க முடியாமல் உள்ளே உட்கார்ந்திருந்தார். வீல்சேர் எல்லாம் உள்ளே போயிருக்கிறது, காத்திருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அந்த அம்மாவின் மகன் கொஞ்ச நேரம் சத்தம் போட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் அம்மாவைக் கையிலேயே தூக்கிக்கொண்டு போனார். மற்ற வீல்சேரெல்லாம் எங்கே என்று ஸ்ரீநிதி செக்யூரிட்டியைக் கேட்டிருக்கிறாள். ரிப்பேருக்குக் கீழே கிடக்கிறது என்றாராம். செல்போனை என்னிடம் ஒப்படைத்த கையோடு லிஃப்ட் பிடித்து நேராக இங்கே வந்துவிட்டாள்.

“மேடம், இதுல பாதி நல்லாத்தான் இருக்கு. ஒண்ணுல பிரேக் இல்ல, ஒண்ணுல முன்சக்கரம் இல்ல. ரெண்டைச் சேர்த்தா ஒண்ணு ஓடும்.”

“காலையிலேர்ந்து இதயேதான் சொல்லிக்கினு கீது,” என்றார் டில்லிபாபு. “நானும் ஒரு பையனும் மொத்த ஆஸ்பத்திரிக்கும். வென்டிலேட்டர பாக்கறதா, இத்த பாக்கறதா? நீயே சொல்லு பாப்பா.”

“நீங்க வென்டிலேட்டர பாருங்க சார். எனக்கு ஸ்பேனர் மட்டும் குடுங்க.”

அவர் என்னைப் பார்த்தார். நான் அவளைக் கூட்டிக்கொண்டு மேலே வந்தேன். மறுபேச்சில்லாமல் உட்கார்ந்து தையல் போட்டாள். அழகாகவே போட்டாள். முகத்தில் மட்டும் ஒரு களை இல்லை.

மறுநாள் காலை என் அறை வாசலில் நின்றாள். “மிச்ச நாளுக்கு என்னை பயோமெடிக்கல்ல போட முடியுமா மேடம்?”

எனக்கு அவள் அப்பா நினைவுக்கு வந்தார். கூடவே, வருஷா வருஷம் பிள்ளைகளிடம் “ஆர்வமா கேள்வி கேளுங்க” என்று நான் சொல்லும் வரவேற்புரையும் வந்தது. இரண்டு நிபந்தனைகளோடு சரி என்றேன். வீல்சேரைத் தவிர வேறு எதையும் தொடக் கூடாது. டில்லிபாபு சோதித்துப் பார்க்காமல் எதுவும் மேலே போகக் கூடாது.

டில்லிபாபுவின் சோதனை எளிமையானது. அவர் நல்ல கனமான ஆள். சரிசெய்த நாற்காலியில் அவரே உட்காருவார். ஸ்ரீநிதி போர்ட்டிகோ சரிவில் ஏற்றி இறக்கி, நடுவில் பிரேக் போட்டுக் காட்ட வேண்டும். முதல் நாற்காலி பாதிச் சரிவில் ஆடாமல் நின்றபோது, “பரவால்லியே பாப்பா” என்றார். மறுநாள் மதியம் அவரே பைக்கை எடுத்துக்கொண்டு ஈக்காட்டுத்தாங்கலில் தெரிந்த பட்டறைக்குப் போய் முன்சக்கரங்களின் அச்சில் மாட்டும் புஷ் வளையங்களை லேத்தில் கடைந்து வாங்கி வந்தார். கேட்டால், “சும்மா அந்தப் பக்கம் போனேன் மேடம்” என்றார்.

போர்ட்டிகோவில் ஒரு நோயாளி

இரண்டாவது வாரம் ஒரு மீட்டிங்குக்காக ரங்கநாதன் சார் வந்தார். கார் போர்ட்டிகோவில் நின்றபோது, அவர் மகள் ஒரு பெரியவரை வீல்சேரில் வைத்துத் தள்ளிக்கொண்டு சரிவில் ஏறிக்கொண்டிருந்தாள். வரவேற்க நின்ற நான் அவரைச் சட்டென்று உள்ளே அழைத்துப்போகப் பார்த்தேன். ஆனால் அவர் முகமெல்லாம் மலர்ச்சி.

“பேஷன்ட்டையே பாத்துக்கற அளவுக்கு வந்துட்டாளா. பேஷ்.” நாற்காலிப் பக்கம் குனிந்து, “உங்களுக்கு என்ன உடம்புக்கு?” என்று பரிவாகக் கேட்டார்.

டில்லிபாபு சட்டென்று எழுந்து நின்றார். “எனக்கு ஒண்ணும் இல்ல சார். நல்லாத்தான் கீறேன்.”

ரங்கநாதன் சார் அவரைப் பார்த்தார். பிறகு மகளின் கையில் இருந்த கிரீஸைப் பார்த்தார். ஐந்து நிமிஷத்தில் அப்பாவும் மகளும் நானும் என் அறையில் இருந்தோம்.

“டாக்டராகணும்னு அனுப்பினேன் மேடம். நீங்க சைக்கிள் கடையில விட்டிருக்கேள்.”

அவர் மேலிடத்தில் ஒரு வார்த்தை சொன்னால் டைரக்டர் என்னைக் கூப்பிட்டனுப்புவார். நான் வாயெடுக்கும் முன் ஸ்ரீநிதி முந்திக்கொண்டாள்.

“மேடத்த ஒண்ணும் சொல்லாதப்பா. நான்தான் கேட்டேன்.”

“தையல் க்ளாஸ் போனியோன்னோ?”

“போனேன். நன்னாதான் இருந்தது. ஆனா எப்ப முடியும்னு கடிகாரத்தயே பாத்துண்டிருந்தேன். கீழ போனா சாப்பிடக்கூட மறந்துடறது. நேத்திக்கு டப்பாவை அப்படியே திருப்பி எடுத்துண்டு வந்தேன்.”

அவர் எழுந்துகொண்டார். “சாப்பிடலையா? அம்மாட்ட சொல்லிடாத,” என்று மட்டும் சொல்லிவிட்டு மீட்டிங்குக்குப் போய்விட்டார்.

மறுநாள் டைரக்டர் கூப்பிட்டார். வேலைக்கு ஆபத்து என்றே நினைத்துப் போனேன். “ஆடிட்டர் நேத்து மீட்டிங்ல ஒரே பிடியா பிடிச்சுட்டார். ஸ்கூல் பொண்ணு வந்து ரிப்பேர் பண்ற வரைக்கும் நீங்கல்லாம் என்ன பண்ணிண்டிருந்தேள்னு கேக்கறார். டில்லிபாபுவுக்கு இன்னொரு ஆள் போட்டுடலாமா?” என்றார்.

ரங்கநாதன் சார் உடனே மனம் மாறிவிடவில்லை. அப்பாவுக்காக அவள் நீட் எழுதினாள். சுமாரான மதிப்பெண். அவள் அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. இப்போது பயோமெடிக்கல் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். மயிலாப்பூர் மாட வீதியில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவர், “எல்லாம் உங்களால வந்தது” என்பார். பாராட்டா, புகாரா என்று நான் கேட்டுக்கொள்வதில்லை.

அந்த வருஷம் வரை, கடைசி நாளில் பிள்ளைகளை நிற்கவைத்து, “யாரெல்லாம் டாக்டராகப் போறீங்க?” என்று கேட்பேன். எத்தனை கை உயர்கிறதோ அத்தனைக்கு எனக்குப் பெருமை. ஸ்ரீநிதிக்குப் பிறகு அந்தக் கேள்வியை விட்டுவிட்டேன். நேரம் போனதே தெரியாமல் எங்கே இருந்தீர்கள் என்று மட்டும் கேட்பேன். அதையும் இரண்டாவது நாளே கேட்டுவிடுவேன், ஏதாவது செய்ய நாள் மிச்சமிருக்க வேண்டுமே.

நான் ஓய்வுபெறுவதற்கு முந்தின கோடையில், மந்தைவெளியிலிருந்து வந்த ஒரு பையன் அந்தக் கேள்விக்கு, “கிச்சன்ல மேடம்” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவன் காது சிவந்துவிட்டது.

நான் நோயாளிகளுக்குச் சமைக்கும் டயட் பிரிவுக்குப் போன் போட்டு, நாளைக் காலையிலிருந்து ஒரு ஆள் வருகிறான், ஏப்ரன் ஒன்று எடுத்து வையுங்கள் என்றேன்.