கத்தரித் தோட்டக்காரரின் துவக்கு

சனிக்கிழமை காலை, நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் டண்டினொங்கில், வேட்டைச் சாமான்களும் விற்கும் ஒரு பெரிய கடையில் கூடார ஆணி வாங்க நின்றேன். எனக்கு முன்னால், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் அறுபது வயது மதிக்கத்தக்க ஊர்த் தமிழர் ஒருவர். அங்கே இருந்ததிலேயே விலை குறைந்த வேட்டைத் துப்பாக்கியை, எங்கள் பேச்சில் துவக்கை, எடுத்திருந்தார். குத்தகை நிலத்தில் அவருடைய கத்தரிக் கன்றுகளை முயல்கள் தின்று தீர்க்கின்றனவாம்.

லைசென்ஸ், பொலிஸ் அனுமதி, நிலக்காரரின் கடிதம் என்று ஒவ்வொன்றாக பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துக் காட்டி, உடனே உள்ளே வைத்தார். விற்பனைப் பெண் கடைசித் தாளையும் பார்த்துத் தலையசைத்த பிறகுதான் பெரியவர் என் பக்கம் திரும்பினார்.

"ஊரில சண்டை நேரம் செக் பொயின்றுக்குச் செக் பொயின்ற் ஆமிக்காரர் துவக்கு இருக்கோ எண்டு கேட்டவங்கள், தம்பி. இல்லை, இல்லை எண்டு சொல்லியே வாய் தேஞ்சு போச்சு."

"இப்ப இருக்கே, அண்ணை?"

"இருக்கு. கேக்கத்தான் ஒருத்தரும் இல்லை!"

வாசலில் பற்றுச்சீட்டுப் பார்க்கும் ஊழியர் அவரை மறித்து, பெட்டியில் என்ன என்று கேட்டார். அவர் நெஞ்சை நிமிர்த்தி, தமிழிலேயே உரக்கச் சொன்னார்:

"ஓம், துவக்குத்தான்!"

ஊழியர் சீட்டை மட்டும் பார்த்துவிட்டு, சிரித்தபடி வழிவிட்டார். பெரியவர் உடனே போகவில்லை. இன்னொரு தடவை கேட்கமாட்டாரா என்பதுபோல் அங்கேயே நின்றார்.